குளச்சல் மணலில் ஓர் அங்குலப் படை: 1/72 வீரர் பொம்மைகளை வெட்டி மாற்றும் முறை

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்தில் டயோரமா (பலகை மேல் நிலமும் பொம்மைகளும் வைத்துச் செய்யும் சிறு காட்சி) செய்ய உட்கார்ந்தால் மனதில் முதலில் வருவது குளச்சல் போர்தான். 1741. மார்த்தாண்ட வர்மாவின் திருவிதாங்கூர்ப் படை, கடற்கரையில் தடுப்பு கட்டி இறங்கியிருந்த டச்சுக் கம்பெனிக்காரர்களைப் பணிய வைத்தது. சரணடைந்த டச்சுக் கம்பெனி அதிகாரி தெ லனாய் பிறகு அதே அரசின் படைத்தலைவரானார். புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் அவர் கல்லறையில் தமிழிலும் லத்தீனிலும் எழுத்து வெட்டியிருக்கிறது. கதை இவ்வளவு கிட்டத்தில் இருந்தும், அந்தப் போருக்கென்று கடையில் நேரடியாகப் பொம்மைப் பெட்டி கிடைப்பதில்லை. வேறு போர்களுக்கு வார்த்த வீரர்களைத்தான் அறுத்து, திருப்பி, துணி கட்டி, ஆள் மாற்ற வேண்டும். எந்த வட்டாரப் போரை எடுத்தாலும் வேலை இதேதான் என்பதால், குளச்சலை வைத்தே முழு முறையையும் சொல்லிவிடலாம்.

பலர் வண்ணத்தில்தான் உயிர் வரும் என்று நினைத்து, பெட்டியில் வந்த பொம்மையை அப்படியே எடுத்து மணிக்கணக்கில் பெயின்ட் அடிக்கிறார்கள். ஒரு முழம் தள்ளி நின்று பார்ப்பவர் கண்ணுக்குப் பொத்தானும் புருவமும் எட்டாது. ஆள் தரையில் பாரம் ஊன்றி நிற்கிறானா, இடுப்பும் தோளும் ஒரே பக்கம் விறைத்திருக்கிறதா, யாரைப் பார்க்கிறான் என்பதுதான் எட்டும். ஆகவே நேரத்தில் பாதிக்கு மேல் கத்திக்கும் கம்பிக்கும் ஒதுக்குங்கள். மிச்சம் பெயின்டுக்குப் போதும்.

அளவுக் கணக்கு

1/72 என்றால் நிஜத்தில் 72 மி.மீ. உள்ளது பொம்மையில் 1 மி.மீ. ஐந்தரை அடி ஆள் 23 மி.மீ. சொச்சம். ஒன்றரை மீட்டர்த் துப்பாக்கி 21 மி.மீ. பதினைந்து மீட்டர்த் தென்னை 21 செ.மீ. 20 × 15 செ.மீ. பலகையில் 14 மீட்டருக்கு 11 மீட்டர் நிலம் அடங்கும். பன்னிரண்டு பேர் தாராளமாக நிற்கலாம், அதற்கு மேல் போனால் சந்தைக் கூட்டம்.

இந்தக் கணக்கைத் தடிமனுக்கும் போட்டுப் பாருங்கள். புதியவர்கள் சறுக்குவது அங்கேதான். அரை மி.மீ. தடிமனில் புட்டியால் (பிசைந்து வைத்தால் இறுகும் பசை) முண்டு, அதாவது வேட்டி, கட்டினால் அது நிஜத்தில் 3.6 செ.மீ. கனத் துணி, மெத்தையைச் சுற்றிக்கொண்டு சண்டைக்கு வந்தவன் போலிருக்கும். அரை மி.மீ. மணல் பரல் ஒரு சரளைக்கல். எதையும் ஒட்டுமுன் 72-ஆல் பெருக்கிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதிப் பிழை தானாக ஒழியும்.

எந்தப் பெட்டியை வாங்குவது

டச்சுக்காரர்களுக்கு, முக்கோணத் தொப்பியும் நீளக் கோட்டும் காலுறையும் உள்ள பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பியக் காலாட்படை வேண்டும். ஸ்வெஸ்டா நிறுவனத்தின் பெரும் வடக்குப் போர்த் தொகுப்புகள், ரெவெல் நிறுவனத்தின் ஏழாண்டுப் போர்த் தொகுப்புகள் இரண்டுமே ஒத்துவரும். கூம்புத் தொப்பி கிரனேடியர்களை (கைக்குண்டு வீரர்களை) ஒதுக்கிவையுங்கள், உடம்பு பிறகு உதவும்.

திருவிதாங்கூர் வீரனுக்கு வெற்று மார்பு, வெறுங்கால் கொண்ட உடம்பு தேவை. அதற்கு எஸ்கி நிறுவனம் வார்த்து இத்தாலேரி நிறுவனம் மறுபடி வெளியிட்ட தென்னாப்பிரிக்க ஜுலு வீரர்கள் போல வேறு பெட்டி இல்லை. நல்ல தசை, ஓடும் கால், ஓங்கிய கை எல்லாம் இருக்கும். நீள்வட்டக் கேடயம், கைகால்களில் கட்டிய மாட்டுவால் குஞ்சம், இடுப்புத் தோல், தலை இறகு ஆகியவற்றைக் கழித்தால் போதும். இதெல்லாம் நம் ஊர்க் கடைகளில் அரிது, இணையத்தில் வரவழைக்க வேண்டும். ஒரு பெட்டியில் 40-ஐ ஒட்டி ஆட்கள் இருப்பார்கள். பன்னிரண்டு பேர் காட்சிக்கு இரண்டு பெட்டி வாங்கினால், கெடுத்துப் பழக மிச்சம் இருக்கும். முதல் ஐந்தாறு பொம்மை நிச்சயம் கெடும்.

பெட்டி வந்ததும், ஓட்டுச்சட்டத்தில் (பொம்மைகள் ஒட்டிவரும் பிளாஸ்டிக் சட்டம்) ஒரு துண்டு வெட்டி, ஒரு சொட்டு சோப்பு கலந்த நல்ல தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பாலிஎத்திலீன். மூழ்கி, வளைத்தால் படக்கென்று ஒடிந்தால் பாலிஸ்டைரீன். மூழ்கி, ரப்பர் மாதிரி வளைந்தால் மென்மையான பி.வி.சி. வகை. பாலிஸ்டைரீனுக்கு மாடல் கடைப் பசையே போதும், அது பிளாஸ்டிக்கைக் கரைத்து இணைக்கும். பாலிஎத்திலீனை எந்தப் பசையும் கரைக்காது. ஃபெவிக்விக் ஒட்டியது போலிருந்து, நகத்தால் நெம்பினால் தோல் உரிவது போல வந்துவிடும். சிறு வீரர் பொம்மைகளில் பெரும்பாலானவை இந்த மென்மையான வகை என்பதால் அடிப்படை விதி ஒன்றுதான்: பசையை நம்பாதே, கம்பியை நம்பு. ஒவ்வொரு மூட்டிலும் கம்பி போக வேண்டும்.

சாமான்கள்

கத்திக்கு மெடிக்கல் ஷாப்புக்குப் போங்கள். 3-ஆம் எண் பிடியும் 11-ஆம் எண் சர்ஜிகல் பிளேடும் கேட்டால் கொடுப்பார்கள். பிளேடைக் கஞ்சத்தனம் பார்க்காமல் நாலு பொம்மைக்கு ஒன்று மாற்ற வேண்டும். மழுங்கிய பிளேடு மென்மையான பிளாஸ்டிக்கை வெட்டாது, பிய்க்கும். அங்கேயே 26-ஆம் கேஜ் ஊசி பத்து வாங்கிக்கொள்ளுங்கள். அதன் வெளிவிட்டம் 0.45 மி.மீ. சொச்சம், 72-ஆல் பெருக்கினால் 32 மி.மீ. துப்பாக்கிக் குழலுக்கு அளவெடுத்துச் செய்தது மாதிரி, முனையில் துளையோடு.

நகைப்பட்டறைச் சாமான் விற்கும் கடையில் விரலால் உருட்டும் கைத் துரப்பணமும் 0.5 மி.மீ. துரப்பண முனையும் கிடைக்கும். கம்பிக்கு 0.5 மி.மீ. பித்தளை. மெல்லிய வேலைக்கு, வீட்டு வயரிங் நெகிழ்வயரை உரித்தால் 0.2 மி.மீ. அளவில் செம்பு இழைகள் வரும். மீதியெல்லாம் அடுக்களைச் சரக்கு: மாத்திரை அட்டையின் அலுமினியத் தாள், டிஷ்யூ பேப்பர், பேப்பர் பஞ்ச், தென்னை ஈர்க்கு, கயிற்றிலிருந்து பிரித்த ஒற்றைத் தேங்காய் நார்.

புட்டியில் இரண்டு வகை வைத்துக்கொள்ளுங்கள். எம்-சீல் மலிவு, ஆனால் பரல் பெரிது. பாறைக்கும் தரைக்கும் சரி, 3 மி.மீ. தலைக்கு ஆகாது. தலைக்கும் தசைக்கும் நீலமும் மஞ்சளும் பிசையும் பச்சைப் புட்டிதான். நாடாவாக வந்தால் இரண்டு நிறமும் தொட்டுக்கொண்டிருக்கும் நடுக்கோட்டை ஒரு மி.மீ. அகலத்துக்கு வெட்டி எறிந்துவிடுங்கள். அது முன்பே இறுகியிருக்கும், பிசைந்தால் தவிட்டுத் துகள் போல நெருடும். மஞ்சள் கூடினால் புட்டி இளகும், நீலம் கூடினால் விறைக்கும். துணி மடிப்புக்கு மஞ்சள் சற்றுத் தூக்கலாகவும், ஆயுதப் பிடிக்கு நீலம் தூக்கலாகவும் பிசையலாம். பிசைந்தபின் ஒரு மணி நேரம் கைக்கு அடங்கும், சித்திரை வெயிலில் அதுவும் குறையும்.

கழுவலும் சுரண்டலும்

அச்சிலிருந்து கழற்ற அடித்த எண்ணெய் பொம்மையில் ஒட்டியிருக்கும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து, பழைய டூத்பிரஷால் சட்டத்தோடு தேய்த்துக் கழுவி, துணியில் பரப்பி ஆறவிடுங்கள். இந்த ஐந்து நிமிடத்தைச் சோம்பேறித்தனத்தில் விட்டால், இரண்டு வாரம் கழித்துப் பெயின்ட் பொருக்காக உதிரும்.

அச்சின் இரு பாதி சேர்ந்த இடத்தில் விழும் கோட்டை உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம். பாலிஎத்திலீன் தேயாது, பஞ்சு பஞ்சாக மயிர் கிளப்பும். புது பிளேடை ஏறத்தாழ செங்குத்தாகப் பிடித்து, ஒரே திசையில், ஒரே இழுப்பில் சுரண்டவும். முன்னும் பின்னும் இழுத்தால் மயிர்தான். அப்படியும் கிளம்பினால், தையல் ஊசியை விளக்கில் காட்டி மூன்று விநாடி ஆறவைத்து மேலாகத் தடவினால் படிந்துவிடும். ஊசி அதிகம் சுட்டிருந்தால் முகமே ஓடிப்போகும், முதலில் சட்டத் துண்டில் தொட்டுப் பாருங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும்.

உடம்பைத் திருப்புவது

அச்சு வார்ப்பவர்களுக்கு ஒரு கட்டாயம் உண்டு: இரண்டு பாதி அச்சிலிருந்து பொம்மை கழன்று வர வேண்டும். அதனால்தான் எல்லாப் பொம்மையும் தட்டையாக, புளிச்ச மாவு அடையைத் தட்டிப்போட்டது போல ஒரே தளத்தில் கை கால் விரித்து நிற்கிறது. அந்தத் தட்டையை உடைப்பதே உருமாற்றத்தின் முதல் வேலை, அதற்கு இடுப்பு வெட்டுதான் கைகண்டது.

இடுப்புக் கச்சைக்குச் சற்றுக் கீழே ஷேவிங் பிளேடால் ஒரே அழுத்தில் நேராக அறுக்கவும். அறுத்த கீழ்ப்பாதியின் நடுவில் 0.5 மி.மீ. துளை, 3 மி.மீ. ஆழம். அதில் 1 மி.மீ. வெளியே நீட்டும்படி கூர்க்கம்பித் துண்டைச் செருகி, மேல்பாதியைச் சரியாக வைத்து ஓர் அழுத்து. விழுந்த புள்ளிதான் மேல்பாதியின் நடு. கண்ணளவில் துளைத்தால் அரை மி.மீ. தப்பும், நிஜத்தில் அது மூன்றரை செ.மீ. இடுப்பு விலகல், பார்ப்பவருக்கு என்ன என்று தெரியாமலே உறுத்தும். புள்ளியில் மேல்பாதியையும் துளைத்து, 6 மி.மீ. கம்பியால் இணைத்து, 20 முதல் 30 பாகை வரை திருப்புங்கள். அதற்கு மேல் மனித இடுப்பு திரும்பாது.

நடப்பவனுக்கு எந்தக் கால் முன்னே இருக்கிறதோ அதற்கு எதிர்த் தோள் முன்னே வரட்டும். பாரம் சுமப்பவனுக்கு, சுமக்கும் பக்கத்துக்கு எதிராக உடல் சாயட்டும். அதற்கு அறுத்த பரப்பில் ஒரு பக்கம் ஆப்பு வடிவில் கால் மி.மீ. சீவினால் போதும். இடுக்கில் ஒரு துளி ஃபெவிக்விக், இடைவெளியில் புட்டி.

முழங்கால், முழங்கை மடக்குவதற்கு டம்ளரில் கொதித்து அடங்கிய வெந்நீர், பக்கத்தில் ஐஸ் தண்ணீர். வெந்நீரில் ஒரு நிமிடம், இடுக்கியால் வளைத்துப் பிடித்து, அப்படியே ஐஸ் நீரில் ஒரு நிமிடம். வளையும், ஆனால் வளைந்தபடி நிற்பது சந்தேகம். மென்மையான பிளாஸ்டிக்குக்கு ஞாபக சக்தி அதிகம், ஏப்ரல் வெயில் ஜன்னலோரத்தில் பழைய நிலைக்கே நிமிர்ந்துவிடும். அதனால் 15 பாகைக்கு மேல் மடக்க வேண்டியிருந்தால் மடிப்பின் உள்பக்கம் ஆப்பு வெட்டி எடுத்து, குறுக்கே கம்பி போட்டு, வெளிப்பக்கம் புட்டி நிரப்பவும்.

தலை வெறும் 3.2 மி.மீ. தாடைக்கு அடியில் அறுத்து, 0.5 கம்பிக்குப் பதில் மூன்று செம்பு இழையை முறுக்கிப் போட்டால் கழுத்து பிளக்காது. தலை எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை ஒவ்வொரு பொம்மைக்கும் தனித்தனியாக முடிவு செய்யக் கூடாது. எல்லாரையும் பலகையில் ஒட்டுகளிமண்ணில் நிறுத்தி, காட்சியில் நடக்கும் ஒரே சங்கதியைப் பெரும்பாலோர் பார்க்கும்படி திருப்புங்கள். ஓரிருவர் மட்டும் வேறெங்கோ பார்க்கட்டும். பன்னிரண்டு பேரும் பன்னிரண்டு திக்கில் பார்த்தால் அது போர்க்களமில்லை, பஸ் ஸ்டாண்டு.

ஜுலுவிலிருந்து திருவிதாங்கூர்க்காரன்

கேடயத்தைக் கையை ஒட்டி வெட்டி எடுங்கள். முழங்கையிலும் கெண்டைக்காலிலும் உள்ள குஞ்சங்களைச் சீவும்போது காலின் வட்டம் தட்டையாகிவிடாமல், ஆப்பிள் தோல் சீவுவது போலப் பொம்மையை உருட்டிக்கொண்டே சீவவும். இடுப்புத் தோலை முன்பின் இரண்டு பக்கமும் உடம்பளவுக்கு மட்டப்படுத்தவும். தலை இறகையும் வளையத்தையும் எடுத்துவிட்டு, மழித்த மண்டையாக வழவழப்பாக்குங்கள். நாயர் வீரர்களின் அடையாளம் முன்குடுமி. உச்சிக்குச் சற்று முன்னால், ஒரு பக்கம் சாய்த்து, கடுகில் பாதியளவு புட்டி வைத்து ஊசியால் இரண்டு கீறல் போதும். சிலருக்கு மட்டும் தலைக்கட்டு கட்டுங்கள். எல்லாருக்கும் ஒரே தலை வைத்தால் உருமாற்றிய உழைப்பே தெரியாது.

முண்டுதான் இந்த வேலையின் அழகு. இரண்டு அடுக்கு டிஷ்யூவைப் பிரித்து ஒற்றை அடுக்கு எடுத்தால் தடிமன் சுமார் 0.05 மி.மீ., நிஜத்தில் மூன்றரை மி.மீ. அதைவிடச் சன்னமாக வீட்டில் கிடைப்பது கடினம். இடுப்பிலிருந்து முழங்கால் வரை 7.5 மி.மீ. உயரம், இரண்டு சுற்றுக்கு 22 மி.மீ. நீளம். கத்தரியால் வெட்டாமல் பிளேடால் வெட்டுங்கள், விளிம்பு நூல் பிரியாது. ஃபெவிக்கால் ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு. தாளை முன்பே நனைத்தால் எடுக்கும்போதே கிழியும். இடுப்பில் மட்டும் பசை தொட்டுக் காய்ந்த தாளைச் சுற்றி நிறுத்தி, பிறகு தூரிகையால் பசைநீரைத் தொட்டுத்தொட்டு ஊறவிடுங்கள். ஊறிய இரண்டு மூன்று நிமிடம் தாள் ஊசிக்குப் பணியும், அதற்குள் மடிப்பு விழ வேண்டும். மடிப்பு எல்லாம் முடிச்சிலிருந்து விசிறியாகப் பிரியும், முன்னே போன தொடையில் துணி இறுகி வழவழப்பாகும், பின்னே போன காலில் தொங்கும். ஓடுகிறவனுக்கு நுனியைத் தூக்கிச் செருகிய கோலம். காற்று ஒன்றுதான் என்பதால் எல்லார் துணியும் ஒரே பக்கம் பறக்கட்டும், கொடியும் அதே பக்கம்.

உலர ஒரு ராத்திரி. அதற்கு மேல் மாத்திரைத் தாளில் 0.7 மி.மீ. பட்டை கிழித்துக் கச்சை சுற்றினால் முண்டின் மேல்விளிம்பு மறைந்துவிடும்.

பரிசைக்கு, அதாவது கேடயத்துக்கு, ஒரு சுகமான குறுக்குவழி இருக்கிறது. மாத்திரைத் தாளை இரண்டாக மடித்து ஒட்டி, பேப்பர் பஞ்சால் குத்துங்கள். பொதுவான பஞ்சின் வட்டம் 6 மி.மீ., கணக்குப் போட்டால் 43 செ.மீ., வட்டக் கேடயத்துக்குக் கச்சிதம். அழிரப்பர் மேல் வைத்து, தீர்ந்துபோன பால்பென்னின் மழுங்கிய பின்முனையால் நடுவிலிருந்து வட்டமாக அழுத்தினால் குழிந்து வரும். நடுவில் கூர் ஊசியால் பின்பக்கத்திலிருந்து குமிழ்.

வாளுக்கு 0.5 மி.மீ. பித்தளைக் கம்பியை வழவழப்பான இரும்பின் மேல் வைத்துச் சிறு சுத்தியலால் தட்டிச் சப்பையாக்கி, 11 மி.மீ. நறுக்கி அரத்தால் சீவுங்கள். பொம்மைக் கையில் வார்த்து வந்த வாளை நிமிர்த்திப் பயனில்லை. அது எப்போதும் வளையும், பெயின்ட் முதலில் வெடிப்பதும் அங்கேதான்.

துப்பாக்கி மாற்றல்

வார்த்த துப்பாக்கி எல்லாமே உலக்கைக் கனம். கைப்பிடியின் இரு பக்கமும் அரை மி.மீ. விட்டுக் குழலை அறுத்து, முட்டிக்குள் 0.5 மி.மீ. துளை போட்டு, 26-ஆம் கேஜ் ஊசியைச் செருக வேண்டும். முட்டியின் அகலமே 1.3 மி.மீ. சொச்சம். ஒரே பக்கத்திலிருந்து துளைத்தால் முனை வழுகி விரலைப் பிளந்துகொண்டு வரும். இரு பக்கத்திலிருந்தும் பாதிப் பாதி துளைத்து நடுவில் சந்திக்க வையுங்கள். ஊசியைக் கட்டிங் பிளையரால் வெட்டினால் துளை நசுங்கும். அரத்தின் ஓரத்துக்கடியில் உருட்டிக் கோடு போட்டு ஒடித்தால் துளை அப்படியே இருக்கும். ஒடியும் துண்டு தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். புது ஊசி மட்டும். மிச்சக் கூர்முனையை டப்பாவில் மூடிவையுங்கள்.

திரித்துப்பாக்கி (எரியும் திரியால் சுடும் வகை) என்றால் ஒரு செம்பு இழையைக் கட்டையில் இரண்டு சுற்று சுற்றி ஒரு நுனியைத் தொங்கவிடுங்கள். நுனியில் ஆரஞ்சுப் புள்ளி ஒன்று, அதற்குமேல் வேண்டாம். ஈட்டிக்கு ஈர்க்கின் மெல்லிய நுனிப்பக்கம் 30 மி.மீ.

சரணடையும் டச்சுக்காரர்கள்

இங்கே வெட்டு குறைவு, யோசனை அதிகம். பெட்டியில் எல்லாரும் சுடுவார்கள், குத்துவார்கள், அணிவகுப்பார்கள். தோற்றவன் ஒருவனும் இருக்க மாட்டான். அணிவகுக்கும் பொம்மையில் துப்பாக்கியை அகற்றி, தோளில் இருந்த கையை முழங்கையில் அறுத்துத் தொங்கவிட்டு, தலையைப் பத்துப் பாகை கீழே சாய்த்தால் ஒருவன் தயார். குண்டு கெட்டிக்கும் பொம்மையின் உயர்ந்த கையிலிருந்து தண்டை வெட்டினால், தொப்பியைக் கழற்றும் கை ஆகும். தொப்பியை இன்னொரு தலையிலிருந்து சீவி உள்பக்கம் குடைந்து கையில் கொடுங்கள். மண்டியிட்டுச் சுடுபவன், துப்பாக்கியைத் தரையில் வைப்பவனாக எளிதில் மாறுவான்.

தோற்றவன் உடம்பில் தோள் முன்னே விழுந்திருக்கும். இதை மார்புக்குப் பின்னால், இரண்டு தோள்பட்டைக்கு நடுவில் செங்குத்தாக ஒரு கீறல் போட்டு, அதில் மெல்லிய பிளாஸ்டிக் சீவல் செருகி விரித்து வாங்கலாம். முதுகை மூடும் புட்டி கோட்டின் தையல் மடிப்பாகவே போய்விடும்.

காலப்பிழை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். திருவிதாங்கூர்க்காரருக்கு ஐரோப்பிய பாணிக் கோட்டும் வரிசையும் போட்டு இந்தக் காட்சியில் நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் பயிற்சியெல்லாம் தெ லனாய் பணியில் சேர்ந்த பிறகு வந்தது. பின்னணியிலும் இதே ஏமாற்றம் உண்டு: ரப்பர் மரம் இருபதாம் நூற்றாண்டில்தான் தோட்டமாகப் பரவியது, மங்களூர் ஓடு பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொழிற்சாலைச் சரக்கு, மரச்சீனி (மரவள்ளி) பரவலானது பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் காலத்தில். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தின் முகமே இவைதான் என்பதால் கை தானாக அங்கே போகும். 1741-க்குத் தென்னை, பனை, ஓலைக் கூரை.

துடுப்பைத் தோளில் சாய்த்து வரிசையாக நின்ற மீனவரைத் துப்பாக்கிப் படை என்று டச்சுக்காரர் நம்பினார்கள் என்றொரு ஊர்க்கதை கடற்கரையில் உண்டு. அது வரலாறோ இல்லையோ, டயோரமாவின் பின்வரிசைக்கு அருமையான யோசனை. நாலு ஜுலு உடம்பு, பிளந்த ஈர்க்கில் துடுப்பு, பாதி வேலை மிச்சம்.

வண்ணம்

மென்மையான பிளாஸ்டிக்கின் மேல் அடிப்பூச்சுதான் எல்லாம். கார் பம்பருக்கு அடிக்கும் பிளாஸ்டிக் பிரைமர் ஆட்டோ பெயின்ட் கடையில் கிடைக்கும், மெலிதாக இரண்டு முறை. கிடைக்காவிட்டால் ஒரு பங்கு ஃபெவிக்காலுக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து முழுவதும் பூசி ஒரு நாள் காயவிட்டால் ரப்பர் தோல் போலப் பிடித்துக்கொள்ளும். பி.வி.சி. வகையில் எனாமல் அடிக்கவே கூடாது, மாதக்கணக்கில் பிசுபிசுக்கும். அக்ரிலிக் மட்டும்.

தோலுக்குப் பர்ன்ட் சியன்னா 4 துளி, பர்ன்ட் அம்பர் 2, எல்லோ ஓக்கர் 1 என்று ஆரம்பித்து, ஆளுக்கு ஆள் அம்பரைக் கூட்டிக் குறையுங்கள். மேடான இடங்களை வெளிறச் செய்ய வெள்ளையைத் தொட வேண்டாம். கருந்தோல் சாம்பல் பூத்துவிடும். ஓக்கரும் கொஞ்சம் ஆரஞ்சும் சேர்த்தால் வெயில் பட்ட மினுமினுப்பு வரும். கண்ணை வரைய வேண்டாம், இமைக் குழியில் நீர்த்த அம்பர் ஒரு கோடு போதும். வெள்ளை முழி வைத்த 1/72 பொம்மை எல்லாம் பேயைக் கண்டவன் போலத்தான் முழிக்கும்.

முண்டு தூய வெள்ளையில்லை. வெள்ளையில் ஓக்கர் ஒரு பொட்டு கலந்து அடித்து, மடிப்புக்குள் நீர்த்த சாம்பல்பழுப்பு ஓடவிடுங்கள். போர் நடந்தது ஆடி மாதத் தென்மேற்குப் பருவம், ஆகவே முண்டின் கீழ்விளிம்பு ஒரு மி.மீ. ஈரம் குடித்துக் கருத்து, மணல் நிறம் ஏறியிருக்கலாம். டச்சுக் கோட்டு எந்த நிறமானாலும் டப்பாவிலிருந்து அப்படியே அடிக்காமல், ஐந்தில் ஒரு பங்கு வெளிர்பழுப்பு கலந்து வெளிறவைக்கவும். சிறு உருவத்தில் அடர்ந்த நிறம் பிளாஸ்டிக்காகவே தெரியும்.

மேட் வார்னிஷ் ஸ்ப்ரே இந்தப் பக்கத்தில் ஒரு சூதாட்டம். ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. காற்றில் ஈரம் இருக்கும்போது அடித்தால் வெள்ளையாகப் பனி படர்ந்துவிடும். தூரிகையால் பூசும் அக்ரிலிக் மேட் வார்னிஷ் பாதுகாப்பு. ஃபெவிக்விக்கும் மூடிய டப்பாவுக்குள் இதே வெண்படலத்தை விடும், ஒட்டிய பொம்மையை ஒரு நாள் திறந்த காற்றில் வையுங்கள்.

தரையில் ஊன்றுவது

12 மி.மீ. பிளைவுட் மேல் தெர்மோகோல் சீவி மேடு பள்ளம், ஃபெவிக்காலால் மட்டும் ஒட்டுங்கள். ஃபெவிக்விக்கும் ஸ்ப்ரேயும் தெர்மோகோலைத் தின்றுவிடும். அதன்மேல் சுவர்ப்புட்டி 3 மி.மீ.

மணலை நேராகக் கடற்கரையில் அள்ளிப் போடாதீர்கள். உப்பு ஈரம் இழுத்து, ஆறு மாதத்தில் வெள்ளை பூத்து வரும். மூன்று தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, மாவு சலிக்கும் சல்லடைக்கும் மேலாக, கண்ணாடி நைலான் துணியில் சலித்த நுண்பொடியை மட்டும் எடுங்கள். மணவாளக்குறிச்சி பக்கத்துக் கருமணல் பார்க்க அழகுதான், ஆனால் அதில் தோரியம் கொண்ட மோனசைட் கலந்திருக்கிறது. அதை வீட்டுக்குள் கொண்டுவராமல், அந்தக் கரும்பட்டைகளைப் பெயின்டில் வரைந்துகொள்ளுங்கள்.

பொம்மையின் காலடித் தட்டை அறுத்துத் தள்ளிவிட்டு, குதிகாலில் கம்பி ஏற்றி, புட்டி இன்னும் பதமாக இருக்கும்போதே ஊன்றுங்கள். கால் அரை மி.மீ. புதைய வேண்டும், ஈர மணலில் பாரம் விழும் காலுக்கு இன்னும் கொஞ்சம். புதைந்த காலைச் சுற்றி மணல் சற்று எழும்பி நிற்கும், அதை ஈரத் தூரிகையால் கூட்டிவிடுங்கள். இந்த ஒரு வேலை செய்யாத பொம்மை, எவ்வளவு வர்ணம் தீட்டினாலும் மேசையில் நிற்கும் பொம்மைதான்.

அதே பதத்தில் அடிச்சுவடும் பதிய வேண்டும். வெறுங்கால் 3.3 மி.மீ.; குதி, நடுவில் வெளிவிளிம்பு, முன்பாதம் என்று ஈர்க்கு நுனியால் மூன்று தொடுதல். பூட்ஸ் தடம் முழு நீள்வட்டம், குதியில் ஆழம். தடுப்பிலிருந்து பூட்ஸ் தடமும், தென்னந்தோப்பிலிருந்து வெறுங்கால் தடமும் வந்து சந்திக்கும் இடத்தில் மணல் மிதிபட்டுக் குழம்பட்டும். ஈரம் காட்ட கிளாஸ் வார்னிஷ் அலைக்கோட்டுக்குக் கீழே மட்டும்.

கப்பி, தடுப்புக் கட்டு எல்லாவற்றுக்கும் கயிறாக ஒற்றைத் தேங்காய் நார். 0.2 மி.மீ. நார் நிஜத்தில் ஒன்றரை செ.மீ. வடம்.

முடிந்ததைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து சிலிக்கா ஜெல் இரண்டு பொட்டலம் போடுங்கள், இல்லாவிட்டால் மழைக்காலத்தில் ஃபெவிக்காலில் பூஞ்சை. டிஷ்யூ முண்டையும் காகித ஓலையையும் இராமபாணப் பூச்சி தேடி வரும் என்று பயந்து நாப்தலீன் உருண்டை போட்டுவிடாதீர்கள். அந்த ஆவி தெர்மோகோலையும் பாலிஸ்டைரீனையும் இளக்கிவிடும். பெட்டியின் விளிம்பை மூடுநாடாவால் அடைத்தால் பூச்சி வராது. சிலிக்கா ஜெல்லை ஐப்பசிக்கு முன் ஒருமுறை, ஆனிக்கு முன் ஒருமுறை வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்துத் திரும்ப வைக்கவும்.